டிராம்போனைக் கீழே வைக்காமல் பேட்டனைக் கையில் எடுப்பது எப்படி?

நான் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிப்பவன். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் முதல் மூன்று பகுதிகளில் எங்களுக்கு ஒரு நோட்கூடக் கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து, முன்னால் நின்று பேட்டன் என்ற சிறு கோலால் ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரின் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. ‘கண்டக்டர் ஆகப்போகிறேன்’ என்று வீட்டில் சொன்னபோது ‘எந்த ரூட்டில்?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாததால், ஐந்தாறு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் 11 வருடம் இழுத்தது.

டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா என்று எதை ஊதுபவராக இருந்தாலும், ஆர்கெஸ்ட்ராவை நடத்தவும் கற்பிக்கவும் ஆசை இருந்தால், நான் போன சுற்றுவழியில் நீங்கள் போக வேண்டாம்.

1. முதலில், இருக்கையை விடாதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இது. ‘இனி நான் நடத்துநர்’ என்று முடிவுசெய்து, இரண்டு வருடம் வாசிப்பதை ஏறக்குறைய நிறுத்தினேன். வருமானமும் நின்றது, அதைவிட மோசம், ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பழக்கமே விட்டுப்போனது. எனக்கு மேடை தரக்கூடியவர்கள் எல்லாரும் அந்த இருக்கைகளில்தான் இருந்தார்கள்.

ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் லாட்விய தேசிய ஓபராவில் டிரம்பெட் வாசித்தவர். ஓஸ்லோ பில்ஹார்மோனிக்கில் அவசரத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது டிரம்பெட்டோடு போய் உட்கார்ந்தார். நடத்துநர் மாரிஸ் யான்சன்ஸின் கண்ணில் பட்டது அப்படித்தான். பிறகு அவரிடமே பாடம், 2003இல் அதே லாட்விய ஓபராவின் தலைமை நடத்துநர் பதவி, 2014இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஜெரார்ட் ஷ்வார்ட்ஸ் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் டிரம்பெட் வாசித்துவிட்டுத்தான் சியாட்டல் சிம்பொனியை நடத்தப் போனார். இவர்கள் அளவுக்கு நமக்கு நடக்கும் என்று சொல்ல வரவில்லை. கதவு திறந்தது கருவியால் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நடத்தக் கற்கும் காலத்திலும் தினமும் 40 நிமிடம் ஊதுங்கள். உதடு ஒரு வாரம் விட்டால் திரும்ப ஒரு மாதம் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

2. உங்களிடம் என்ன இல்லை என்று கணக்கெடுங்கள்

பித்தளைக்காரர்களிடம் மூன்று நல்ல பழக்கங்கள் இயல்பாகவே உண்டு. எண்ணத் தெரியும். மூச்சு எடுத்துத் தொடங்கத் தெரியும். நடத்துநரின் அப்பீட் (தொடங்குவதற்கு முன் கையை உயர்த்தும் அசைவு) என்பதே ஒரு மூச்சுதான். பின்வரிசையில் இருந்து முழு ஆர்கெஸ்ட்ராவையும் கேட்டுப் பழகியிருப்போம். இல்லாதவைதான் நம்மை நடத்துநர் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கவிழ்க்கும்.

பியானோ. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஒரு பாக் பிரிலூட்-ஃபியூகோ பீத்தோவன் சொனாட்டாவின் ஒரு பகுதியோ கேட்கும். கூடவே ஒரு ஸ்கோரை (எல்லாக் கருவிகளின் வரிகளும் அடங்கிய முழுப் பிரதியை) கொடுத்துப் பார்த்தவுடன் வாசிக்கச் சொல்லும். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஓபராக் காட்சி ஒன்றைப் பியானோவில் வாசித்துக்கொண்டே பாடவும் வேண்டும். குரல் நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை, வாய் திறக்காமல் இருந்தால்தான் மதிப்பெண் போகும். வயது வந்த பிறகு பியானோ தொடங்குபவர் குறைந்தது மூன்று வருடம் ஒதுக்க வேண்டும். நான் ஒரு வருடத்தில் முடிக்கப் பார்த்து இரண்டு தேர்வுகளில் விழுந்தேன்.

தந்திக் கருவி. ஆர்கெஸ்ட்ராவில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நமக்கோ அவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு வயலினை வாடகைக்கு எடுத்து, ஒரு ஆசிரியரிடம் போய் வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நன்றாக வாசிக்க வேண்டியதில்லை. வில்லைக் கீழே இழுக்கும் டவுன் போ எப்படி இயல்பாகவே கனக்கிறது, மேலே தள்ளும் அப் போவில் ஒரு உச்சத்தை நோக்கிப் போவது ஏன் சுலபம் என்று உங்கள் தோள் உணர்ந்தால் போதும். ‘இன்னும் மென்மையாக’ என்று பொதுவாகச் சொல்பவருக்கும் ‘வில்லின் நுனியில் வாசியுங்கள்’ என்று சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

ட்ரான்ஸ்போசிஷன், அதாவது எழுதியிருக்கும் சுருதியை வேறு சுருதிக்கு மாற்றி வாசிப்பது. இதில் நமக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. ஹார்ன்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள், பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் ‘ஈ ஃபிளாட் ஹார்ன்’ என்று போட்டிருந்தால் தங்கள் எஃப் ஹார்னில் ஒரு முழுத்தொனி இறக்கி வாசித்துப் பழகியவர்கள். டிராம்போன்காரர்களுக்கு எழுதியிருப்பதுதான் ஒலிக்கும் என்பதால் இதில் நாங்கள் குழந்தைகள். பதிலுக்கு எங்களுக்கு ஆல்டோ கிளெஃபும் டெனர் கிளெஃபும் (கிளெஃப் என்பது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி) தெரியும், அதனால் வயோலா வரி பயமுறுத்தாது. மனப்பாடமாக வேண்டியவை: பி ஃபிளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஒரு முழுத்தொனி கீழே ஒலிக்கும், ஏ கிளாரினெட் ஒரு மைனர் தேர்ட் (மூன்று அரைத்தொனி) கீழே, எஃப் ஹார்னும் இங்கிலீஷ் ஹார்னும் ஒரு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் (ஏழு அரைத்தொனி) கீழே. தினமும் ஒரு பக்கம் பியானோவில் வாசித்துப் பாருங்கள், வேறு குறுக்குவழி கிடையாது.

3. ஸ்கோர் வாங்குவதில் உள்ள பொறி

காப்புரிமை முடிந்த படைப்புகளின் ஸ்கோர்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிப்பதற்கு அது போதும். ஒத்திகைக்குப் போகும்போது மட்டும் கவனம்.

என் முதல் முழு ஒத்திகையில் நான் வைத்திருந்தது இணையத்திலிருந்து எடுத்த பழைய பதிப்பு. ஆர்கெஸ்ட்ராவின் நூலகத்தில் இருந்த பார்ட்களோ (ஒவ்வொரு கருவிக்குமான தனிப் பிரதிகள்) வேறு பதிப்பகத்தின் புதிய பதிப்பு. இடம் காட்டப் பிரதியில் போட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து ‘சி எழுத்திலிருந்து’ என்றேன். வயலின்கள் ஒரு இடத்தில் தொடங்க, நான் வேறு இடத்தில் கையசைத்துக்கொண்டிருந்தேன். என் ஸ்கோரில் பார் (தாளக் கட்டம்) எண்களும் இல்லை. ‘அந்த ஓபோ வரும் இடம்...’ என்று நான் தேட, இரண்டாம் வயலினில் ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 20 நிமிடம் போனது.

ஆகவே மேடை உறுதியானதும் நூலகருக்கு ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பதிப்பகம், எந்தப் பதிப்பு, ஒத்திகை எழுத்துகளா பார் எண்களா? அதே பதிப்பின் ஸ்கோரை வாங்குங்கள். திரும்பத் திரும்ப நடத்தப்போகும் பீத்தோவன், மொசார்ட், பிராம்ஸ், த்வோர்ஷாக் ஆகியோரின் படைப்புகளுக்குச் செலவிடுங்கள். மற்றவற்றை நூலகத்தில் எடுக்கலாம்.

பேட்டனுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கைப்பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தால் சரி. இரண்டாக வாங்குங்கள், ஒன்று ஸ்டாண்டில் பட்டு உடையும்.

4. நிற்க ஒரு இடம், அப்புறம் அந்தத் தாமதம்

கையசைப்பைக் கண்ணாடி முன் கற்கலாம். நடத்துவதை ஆட்கள் முன்னால்தான் கற்க முடியும். ஆட்களை யாரும் சும்மா தருவதில்லை.

நமக்கு எளிதில் கிடைப்பவை பிராஸ் பேண்டும் பள்ளி விண்ட் பேண்டும் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் பிரிவு ஒத்திகைகளும். ‘பித்தளைப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. பிரிட்டிஷ் பாணி பிராஸ் பேண்ட் ஸ்கோரில் ஒரு விசித்திரம் உண்டு: பாஸ் டிராம்போனையும் தாள வாத்தியங்களையும் தவிர டியூபா உட்பட எல்லாமே டிரெபிள் கிளெஃபில் இருக்கும். முதல் நாள் தலை சுற்றும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இன்னொரு வழி, நண்பர்கள் எட்டுப் பேரைத் திரட்டுவது: ஐந்து தந்தி, நான்கைந்து காற்றுக் கருவிகளின் வரிகளைப் பியானோவில் ஒருவர், மிச்சத்துக்கு உங்கள் நல்லகாலம். அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் செலவு. அவர்கள் தேர்வுகளுக்கு நீங்கள் பக்கவாத்தியம் வாசித்தோ பார்ட் எழுதிக் கொடுத்தோ ஈடுசெய்யுங்கள். பணமாகக் கொடுத்தால் இரண்டு முறைக்கு மேல் தாங்காது.

இப்போது எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். பின்வரிசையில் உட்காரும் நாம் கோலைப் பார்த்து, ஒலி முன்னால் போய்ச் சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, சற்று முந்தியே ஊதப் பழகியவர்கள். அதனால் கோலும் ஒலியும் ஒன்றாக விழும் என்ற நம்பிக்கை நம் உடம்பில் ஊறியிருக்கும். முன்னால் போய் நின்றால் அப்படி இருக்காது. பீட் கொடுப்பீர்கள், ஒலி வராது, ஒரு கணம் கழித்து வரும். பீத்தோவனின் முதல் சிம்பொனியின் முதல் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) காற்றுக் கருவிகள் நீட்டிப் பிடிக்க, தந்திகள் பிட்சிகாட்டோவில், அதாவது விரலால் சுண்டி, ஒரு சொட்டுப் போட வேண்டும். நான் கையை இறக்கினேன். பிட்சிகாட்டோ ‘டப்’ என்று முதலில் விழுந்தது, அதற்குப் பிறகு ஃபுளூட், கடைசியாக ஹார்ன். பதறிப்போய் அடுத்த பீட்டுக்கு அவர்களுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். நான்காவது பாரில் வேகம் பாதியாகிவிட்டது.

அதற்கு மருந்து இரண்டு. கீழே இறக்கும் அடியைப் பற்றிக் கவலைப்படாமல் அதற்கு முந்தைய மூச்சை வேகமும் சத்தமும் தெரிய எடுங்கள், கார்ட் சேர்ந்து வருவது அதில்தான். அப்புறம், கேட்கும் ஒலிக்குப் பின்னால் போகாதீர்கள். மனதுக்குள் பாடிக்கொண்டிருக்கும் வேகத்தோடு போங்கள். சொல்ல எளிது. எனக்கு இது உடம்பில் இறங்க ஒரு வருடம் ஆனது.

இன்னொன்று: பித்தளைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நம் ஆட்கள் என்ற பாசத்தில் கண் அங்கேதான் போகும். அவர்களும் உற்சாகமாகி இன்னும் பலமாக ஊதுவார்கள்.

5. மாஸ்டர்கிளாஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

மாஸ்டர்கிளாஸ் என்பது பெரிய நடத்துநர் ஒருவர் முன் நடத்திக் காட்டித் திருத்தம் வாங்கும் சில நாள் வகுப்பு. என் சேமிப்பில் பெரும்பகுதி போனது இங்கேதான். ஒன்றில் ஐந்து நாளைக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது 38 நிமிடம். அதில் பாதி, ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக இரண்டு பியானோக்களோடு. பயண, தங்கும் செலவுகளைக் கூட்டி நிமிடத்தால் வகுத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டணம் திருப்பித் தர முடியாது என்பது மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: நடத்தும் வாய்ப்பு எத்தனை பேருக்கு? தலைக்கு எத்தனை நிமிடம் உறுதி? எத்தனை நாள் முழு ஆர்கெஸ்ட்ரா, எத்தனை நாள் பியானோ? வீடியோ தருவீர்களா, அதை விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தலாமா? வர முடியாமல் போனால் பணம் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் ஒன்றிரண்டுக்குப் பார்வையாளராகப் போவது என் பரிந்துரை. கட்டணம் வெகு குறைவு. அடுத்தவர் திட்டு வாங்கும்போது நாம் கற்பது, நாம் திட்டு வாங்கும்போது கற்பதைவிட அதிகம்.

பணம் கட்டி ஒரு ஆர்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுத்து கச்சேரி நடத்தும் ஏற்பாடுகளும் உண்டு. வீடியோ தேவைக்காக ஒருமுறை செய்யலாம். சிவியில் அதை அழைப்பின் பேரில் நடத்தியது போல எழுதாதீர்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் அத்தனையும் அத்துப்படி.

6. வீடியோ

கல்லூரித் தேர்வின் முதல் சுற்று முழுக்க முழுக்க வீடியோவைப் பார்த்துத்தான். என் முதல் விண்ணப்பம் பார்வையாளர் பக்கமிருந்து எடுத்த வீடியோவால் நிராகரிக்கப்பட்டது. அருமையான கச்சேரி, 20 நிமிடமும் என் கோட்டின் முதுகு.

கேமரா ஆர்கெஸ்ட்ராவுக்குள், ஹார்ன் வரிசைக்குப் பக்கத்தில், நடத்துநரின் முகத்தை நோக்கி இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து மேலே, இரண்டு கையும் முழு நீளத்துக்கு நீட்டினாலும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். குணத்தில் மாறுபட்ட இரண்டு படைப்புகள். ஒவ்வொன்றும் வெட்டாமல் ஒட்டாமல். ஒத்திகையில் பேசித் திருத்தும் பத்து நிமிடமும் பல இடங்களில் கேட்பார்கள். அதில் நீங்கள் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும், ஆனால் பேச்சே பாதி நேரமாக இருக்கக் கூடாது.

படம் எடுக்க ஆர்கெஸ்ட்ராவின் அனுமதியை முன்பே எழுத்தில் வாங்குங்கள். தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களில் சங்க விதிகள் இருக்கலாம். இளைஞர் குழுவானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கச்சேரி முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

7. காகிதங்களும் தேதிகளும்

படிப்பு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே வேலை தொடங்கிவிடும். பிரிட்டனில் பெரும்பாலான கன்சர்வேட்டரிகளுக்கான பொது விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் பல இசைப் பள்ளிகளுக்கு டிசம்பர் 1. நேர்முகத் தேர்வு பிப்ரவரி வாக்கில். ஜெர்மனியில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், குளிர்காலப் பருவத்துக்கு வசந்தத்திலேயே பெரும்பாலும் மூடிவிடுவார்கள். தேதியை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் அந்த ஆண்டுக்கே சரிபாருங்கள்.

சேர்க்க வேண்டியவை: பட்டமும் மதிப்பெண் பட்டியலும், தேவையான இடத்தில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு, மொழித்தேர்வுச் சான்று, இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், சிவி, நடத்திய படைப்புகளின் பட்டியல். பட்டியலைக் கச்சேரியில் நடத்தியவை, ஒத்திகையில் மட்டும் நடத்தியவை, படித்தவை என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நீளமாக்கினால் தேர்வில் அதிலிருந்தே கேள்வி வரும்.

பரிந்துரைக் கடிதத்தை டிராம்போன் ஆசிரியரிடம் மட்டும் வாங்காதீர்கள். நீங்கள் நல்ல டிராம்போன்காரர் என்றுதான் அவர் எழுதுவார். உங்கள் கோலுக்குக் கீழே உட்கார்ந்து வாசித்த ஒரு முதல் வயலின் எழுதினால் அதற்கு எடை. ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள்.

பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலும் அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசையிலும் பட்டத்தில் வேறு வரிசையிலும் இருந்து, நான் உறுதிமொழிப் பத்திரம் வாங்க மூன்று வாரம் அலைந்தேன்.

செலவில் விண்ணப்பக் கட்டணம் சிறியது. பெரியது பயணம். கருவியோடு போவதானால் வாங்கிய ரசீதும் சீரியல் நம்பரும் கையில் இருக்கட்டும், சுங்கத்தில் கேட்பார்கள். மவுத்பீஸ் எப்போதும் கைப்பையில்.

8. தேர்வு நாள்

முதல் கட்டம் வழக்கமாகப் பியானோ, செவிப் பயிற்சி, ஸ்கோர் வாசிப்பு. பிறகு இரண்டு பியானோக்கள் முன் நடத்துவது. தேறினால் ஆர்கெஸ்ட்ராவோடு 15, 20 நிமிடம். முதலில் நிறுத்தாமல் ஒரு நீளமான பகுதியை வாசிக்க விடுங்கள். அப்புறம் இரண்டு அல்லது மூன்று விஷயங்களை மட்டும் திருத்துங்கள். எட்டாவது பாரில் நிறுத்தி விளக்கவுரை தொடங்கியவர்கள் அநேகமாக அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

9. சோறு போடுவது கற்பித்தல்தான்

இதை ‘நடத்துநர் ஆகும்வரை’ என்ற மனதோடு செய்யாதீர்கள், குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பள்ளி வேலைக்கு அந்தந்த நாட்டின் ஆசிரியர் தகுதி வேண்டும். தனிப் பாடம் எடுக்கச் சட்டப்படி தேவையில்லாத இடங்களிலும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஏடிசிஎல், எல்டிசிஎல் போன்ற டிப்ளமோ இருந்தால் பெற்றோர் நம்புவார்கள். சிறுவர்களோடு வேலை செய்யப் பல நாடுகளில் காவல்துறைச் சான்று கட்டாயம். அது வர வாரக்கணக்கில் ஆகும். பருவம் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் முதல் மாதச் சம்பளம் போச்சு.

பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்பவர்கள் கவனிக்க: 6ஆம் கிரேடும் அதற்கு மேலும் எழுத 5ஆம் கிரேடு தியரியில் வழக்கமாகத் தேறியிருக்க வேண்டும். இதை மறந்து ஒரு மாணவியின் ஆறு மாதத்தை நான் வீணாக்கினேன். அவள் மன்னித்துவிட்டாள், அவள் அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

முன்பற்கள் மாறாத குழந்தைக்கு டிரம்பெட்டைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பாடவும் தட்டவும் வையுங்கள். ஒரு வரியைப் பாடிக் காட்டி மாணவரிடமிருந்து அதை வரவழைப்பதும், 60 பேரிடமிருந்து வரவழைப்பதும் ஒரே வேலைதான்.

10. படிப்பு முடிந்ததும்

உதவி நடத்துநர் வேலைகள் பெரும்பாலும் ஓரிரு வருட ஒப்பந்தம். அரங்கின் நடுவில் உட்கார்ந்து ‘ஹார்ன் மூடுகிறது, செல்லோ கேட்கவில்லை’ என்று குறித்துக் கொடுப்பதே பாதி வேலை. மீதி, முதன்மை நடத்துநர் வராத நாளுக்குத் தயாராக இருப்பது. ஹார்ன் வாசித்த ஈசா-பெக்கா சலோனென் 1983இல் லண்டனில் பில்ஹார்மோனியாவோடு மாலரின் மூன்றாவது சிம்பொனியைக் கடைசி நேரத்தில் ஏற்று நடத்தியே உலகுக்குத் தெரியவந்தார். அந்தச் சிம்பொனி எட்டு ஹார்ன்கள் ஒன்றாக முழங்கித் தொடங்குவது என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். ஒப்பந்தத்தில் அப்படி ஏறி நடத்தும் நாளுக்குத் தனி ஊதியம் உண்டா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

போட்டிகள்: பெசான்சோன், கோபன்ஹேகனின் மால்கோ, பாம்பெர்க்கின் மாலர் போட்டி. 1959இல் பெசான்சோனில் வென்றவர் செய்ஜி ஒசாவா. 2004இல் பாம்பெர்க்கின் முதல் மாலர் போட்டியில் வென்றவர் குஸ்தாவோ டூடமெல். வயது வரம்பு பெரும்பாலும் 35ஐ ஒட்டியே இருக்கும். கருவியில் பத்து வருடம் கழித்து வரும் நமக்கு இது இடிக்கும், ஆகவே முதலில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

11. உங்கள் சொந்தக் கச்சேரி

ஒத்திகை அட்டவணையை நீங்களே போடும் நாள் வரும். டிராம்போன் உள்ள பகுதிகளை முதலில் எடுத்து முடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். த்வோர்ஷாக்கின் ஒன்பதாவதில் டியூபாவுக்கு மெதுவான இரண்டாம் பகுதியில் மட்டும் சில நோட்டுகள். அதற்காக ஒருவரை மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். பட்ட நமக்கே அது மறந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

காப்புரிமை உள்ள படைப்புக்கு, உதாரணமாக 1975இல் இறந்த ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிக்கு, பார்ட்களைப் பெரும்பாலும் பதிப்பகத்திடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அரங்கத்தில் நிகழ்த்தும் உரிமைக் கட்டணம் தனி. இரண்டையும் பட்ஜெட்டில் தனித்தனி வரியாகப் போடுங்கள். கச்சேரி முடிந்த இரவே, ஆட்கள் கலைவதற்கு முன், எல்லா பார்ட்களையும் எண்ணி வாங்கிவிடுங்கள். இரண்டாம் ஃபுளூட் எப்போதும் யாருடைய பைக்குள்ளாவது போய்விடும். பென்சில் குறிகளை அழிக்க இரண்டு நல்ல ரப்பரும் ஒரு முழு நாளும் தேவைப்படும். திருப்பி அனுப்பும் தேதி தாண்டினால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும்.